விளையாட்டு கேட்கும் வரலாறு

நாடு பிடிக்கும் விளையாட்டு நமக்குப் புதியதன்று. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படைக்கும் சதுரங்கம் என்பதே பெயர். அப்பெயரையே தாங்கி நிற்கும் ஆட்டத்தை உலகிற்கு அளித்தது இந்நாடு. நம் சிற்றூர்க் கோயில் மண்டபங்களின் தளத்தில் இன்றும் கீறிக் கிடக்கும் ஆடுபுலி ஆட்டக் கோடுகளைக் கண்டிருப்பீர்கள். வலிமை மிக்க சிலரை, வலிமையற்ற பலர் கூடி நின்று மடக்கலாம் என்னும் அரசியல் உண்மையை அது எழுத்தறியாதவர்க்கும் கற்பித்து வந்தது. மேலை நாடுகளில், 1824-ஆம் ஆண்டு பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரி ஒருவர் நிலப்படத்தின் மீது கட்டைகளை நகர்த்திப் போர் பயிலும் ஆட்டம் ஒன்றை முறைப்படுத்தினார். ரைஸ்விட்ஸ் என்பது அவர் பெயர். அதுவே பின்னர்ப் பல நாட்டுப் படைகளிலும் பயிற்சிக் கருவியாயிற்று.

அந்த மரபின் இன்றைய வடிவமே, இளைஞர்கள் கணினியில் ஆடும் வரலாற்று வியூக விளையாட்டு. வீடியோ கேம் என்ற பொதுப்பெயரைக் கேட்டவுடன், சுட்டு வீழ்த்துவதும் துரத்தி ஓடுவதுமே பலர் நினைவுக்கு வருகின்றன. இது வேறு வகை. இதில் ஆடுபவன் ஒரு வீரன் அல்லன், ஓர் அரசு. அவன் முன்னே ஒரு நிலப்படம் விரிகிறது. எங்கே வயல் திருத்துவது, எந்தச் சாலை போடுவது, எவரோடு உடன்படிக்கை செய்வது, எவ்வளவு வரி தண்டுவது, எத்தனை பேரைப் படையிற் சேர்ப்பது என்று அவன் முடிவு செய்ய வேண்டும். ஒன்றைச் செய்தால் மற்றொன்று குறையும். படையைப் பெருக்கினால் உழவர் குறைவர். வரியை ஏற்றினால் குடிகள் வெகுள்வர். 1991-இல் அமெரிக்கரான சிட் மையர் உருவாக்கிய ‘சிவிலைசேஷன்’, 1997-இல் தொடங்கிய ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ ஆகியவை இவ்வகையில் உலகப் புகழ் பெற்றவை.

இவ்விளையாட்டுகளில் யான் கவனித்த புதுமை ஒன்று உண்டு. இவை வெளிவருவதற்குப் பல திங்கள் முன்பே, ஏன், பல ஆண்டுகள் முன்பே, இவற்றை விரும்புவோர் கூடி, ‘புதிய விளையாட்டில் இன்னின்ன இருத்தல் வேண்டும், இன்னது இருத்தல் ஆகாது’ என்று வாதிடத் தொடங்கி விடுகின்றனர். எங்கள் ஈக்காட்டுத்தாங்கலில் மெட்ரோ நிலையத்தை அடுத்துள்ள தேநீர்க் கடைகளில், மாலை வேளையில் கணினி நிறுவனங்களிலிருந்து வெளிவரும் இளைஞர் சிலர் இதனையே பேசக் கேட்டிருக்கிறேன். திரைப்படம் வருமுன் நடிகரைப் பற்றிப் பேசுவது போன்ற வெற்றுப் பேச்சு என்று இதனை ஒதுக்கிவிடலாகாது. ‘ஓர் அரசு எதனால் நிலைத்தது, எதனால் சரிந்தது?’ என்னும் வினாவையே அவர்கள் அறிந்தோ அறியாமலோ எழுப்புகின்றனர். அஃது வரலாற்று ஆசிரியன் எழுப்ப வேண்டிய வினா.

இதற்கு அண்மைக் காலத்துச் சான்று ஒன்றைப் பார்ப்போம். சுவீடன் நாட்டைச் சேர்ந்த பாரடாக்ஸ் என்னும் நிறுவனம் 2000-ஆம் ஆண்டு முதல் ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ்’ என்ற விளையாட்டை வரிசையாக வெளியிட்டு வருகிறது. பெயர் ஐரோப்பாவைச் சுட்டினும், அதன் நிலப்படம் உலகம் முழுவதையும் உள்ளடக்கியது. அதன் நான்காம் பதிப்பு 2013-இல் வந்தது. அதில் கி.பி. 1444-இல் ஆட்டம் தொடங்கும். அரசனுடைய திறமைக்கேற்ப ஆட்சி, தூது, படை என்னும் மூன்று துறைகளிலும் மாதந்தோறும் சில புள்ளிகள் கிடைக்கும். அப்புள்ளிகளைச் செலவிட்டால் ஓர் ஊர் நொடிப்பொழுதில் வளர்ந்து விடும். மக்கள் எத்தனை பேர் என்ற கணக்கே அதில் இல்லை.

விளையாடுவோர் பலர் இதனை ஏற்கவில்லை. ‘அரசன் மந்திரம் போட்டால் ஊர் வளருமா? ஊர் வளர மக்கள் வேண்டாவா? மக்களுக்கு உணவு வேண்டாவா?’ என்று பல்லாண்டு வாதிட்டனர். 2024 பிப்ரவரி இறுதியில், ஸ்பெயின் நாட்டிலுள்ள அந்நிறுவனத்தின் டின்டோ என்னும் கிளை, யோகான் ஆண்டர்சன் என்பவர் தலைமையில், அடுத்த விளையாட்டின் பெயரைக்கூடச் சொல்லாமல், அதன் அமைப்பை வாரம் ஒரு கூறாக வெளியிட்டுக் கருத்துக் கேட்கத் தொடங்கியது. அவ்வாண்டு மே மாதம் முதல் ஒவ்வொரு நிலப்பகுதியின் வரைபடத்தையும் வெளியிட்டு, ‘பிழை இருந்தால் சான்றுடன் திருத்துங்கள்’ என்று கேட்டது. பல நாட்டவரும் தத்தம் பகுதியின் ஊர்ப்பெயர், மொழி, சமயம், விளைபொருள், ஆண்ட குடி ஆகியவற்றைச் சான்று காட்டித் திருத்தினர். திருத்திய படங்கள் மீண்டும் வெளிவந்தன. 2025 நவம்பர் 4-ஆம் நாள் ஐந்தாம் பதிப்பு வெளியாயிற்று. மாதப் புள்ளிகள் மறைந்தன. அவற்றின் இடத்தில் மக்கள் வந்தனர். பிரபுக்கள், சமயத் தொண்டர், வணிகர், தொழிலாளர், உழவர் எனப் பகுக்கப்பட்டு, ஒவ்வோர் ஊரிலும் எண்ணிக்கையோடு அவர்கள் வாழ்கின்றனர். தலைநகரிலிருந்து தொலைவு கூடக் கூட அரசின் பிடி தளரும் என்பதும் அதில் விதியாயிற்று. இவை வரலாற்றுக்கு இசைந்த மாறுதல்கள்.

இப்பதிப்பின் தொடக்க ஆண்டு கி.பி. 1337. இந்த எண்ணே நம்மைத் தலைகுனிய வைக்கும் எண்.

ஏன் என்று சொல்கிறேன். நம் இளைஞர்கள் இத்தகைய விளையாட்டுகளில் தமிழரைக் காண வேண்டும் என்று வேண்டும்போது, அவர்கள் வேண்டுவது பெரும்பாலும் சோழரைத்தான். அவ்வேண்டுகோள் வீண் போகவுமில்லை. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ இரண்டாம் பகுதியில் 2013-இல் ‘இந்தியர்’ என்று ஒரே இனமாகச் சேர்க்கப்பட்டவர், 2022 ஏப்ரலில் பலவாகப் பிரிக்கப்பட்டனர். அவற்றுள் ஒன்றாகத் ‘திராவிடர்’ வந்தனர். அதில் வீரர்கள் தமிழில் விடையிறுக்கின்றனர். இராஜேந்திர சோழன் வரலாறு தனிப் படையெடுப்புத் தொடராக அமைந்துள்ளது. 2025 பிப்ரவரியில் வந்த ‘சிவிலைசேஷன்’ ஏழாம் பகுதியிலும் சோழர் இடம் பெற்றனர். தஞ்சைப் பெரிய கோயில் உலக அதிசயங்களுள் ஒன்றாக எழுப்பப்படலாம். மகிழத்தக்கனவே இவை. 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ மூன்று தலைமுறைக்குச் சோழர்மீது பற்றூட்டியது. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் வந்த திரைப்படங்கள் அப்பற்றை மேலும் வளர்த்தன.

ஆயினும் 1337-இல் சோழர் இல்லை. கடைசிச் சோழனான மூன்றாம் இராஜேந்திரனின் ஆட்சி 1279-ஆம் ஆண்டளவில் முடிந்துவிட்டது. அதற்கு ஏறத்தாழ 58 ஆண்டுகளுக்குப் பின் நம் நாட்டை யார் ஆண்டார்? எங்கே எல்லை? மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர்? இவ்வினாவை ஒரு வெளிநாட்டு நிறுவனம் எழுப்பும்போது, நம்முள் எத்தனை பேர் விடை கூற வல்லோம்? பள்ளியில் பல்லாண்டு வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் மாணவர் மனத்தில் சோழர் காலத்திற்கும் நாயக்கர் காலத்திற்கும் இடையே ஓர் இருட்டறை இருக்கிறது. பாடநூலின் இரண்டு பக்கங்களில் அதனைக் கடந்து விடுகிறோம்.

அவ்விருட்டறைக்குள் சற்றே விளக்கேந்திச் செல்வோம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் மறைவுக்குப் பின், அவன் மக்களாகிய சுந்தர பாண்டியனும் வீரபாண்டியனும் அரசுரிமைக்குப் போரிட்டனர். 1311-இல் டில்லியிலிருந்து மாலிக் காபூர் படையுடன் வந்தான். கொள்ளைப் பொருளோடு மீண்டான். 1323-இல் டில்லிப் படை மீண்டும் வந்து மதுரையைக் கைப்பற்றியது. அங்கே ஆளுநனாக இருந்த ஜலாலுதீன் அசன் 1335-இல் டில்லியின் மேலாண்மையை உதறி, தானே சுல்தானானான். 1336-இல் துங்கபத்திரைக் கரையில் அரிகரரும் புக்கரும் விஜயநகரத்தை நிறுவினர். போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் தன் பழைய தலைநகரை விட்டுத் திருவண்ணாமலையைத் தங்குமிடமாகக் கொண்டிருந்தான். தொண்டை மண்டலத்தைச் சம்புவராயர் படைவீட்டிலிருந்து ஆண்டனர். தென்கோடியில் பாண்டியர் கிளையினர் சிற்றரசராய் எஞ்சினர். கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் ஆரியச் சக்கரவர்த்திகள் ஆண்டனர். ஆக, அவ்வாண்டில் தமிழ் வழங்கிய நிலத்தில் நான்கைந்து அரசுகள் ஒருங்கே இருந்தன. எது எஞ்சும், எது மாயும் என்று அன்றைய அறிஞர் எவரும் சொல்லியிருக்க முடியாது. முடிவு தெரியாத நிலையிலிருந்து தொடங்குவதே விளையாட்டின் உயிர். அவ்வகையில் 1337 மிகச் சிறந்த தொடக்கம்.

இனி, இத்தகைய விளையாட்டில் நாம் எவற்றை எதிர்பார்க்க வேண்டும், எவற்றைக் கேட்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகக் கூறுகிறேன்.

முதலாவது, எல்லைக் கோடு. நிலப்படத்தில் ஓர் அரசுக்கு ஒரு வண்ணம் தீட்டினால் அழகாக இருக்கும். அன்றைய அரசுகளுக்கோ அவ்வாறு திட்டமான எல்லை கிடையாது. ஓர் ஊரை ஒரு காலத்தில் யார் ஆண்டார் என்பதை நாம் அறிவது எவ்வாறு? அவ்வூர்க் கோயிற் சுவரில் ஒருவர் விளக்குக்கு ஆடோ நிலமோ கொடுத்த செய்தி வெட்டப்பட்டிருக்கும். அதன் தொடக்கத்தில், இன்ன மன்னனுக்கு இத்தனையாவது ஆட்சியாண்டு, இன்ன மண்டலத்து இன்ன கோட்டத்து இன்ன நாட்டு இன்ன ஊர் என்று குறிப்பர். எம்மன்னன் ஆண்டைக் குறித்தனரோ அவன் மேலாண்மையை அவ்வூரார் ஏற்றிருந்தனர் என்று கொள்கிறோம். 1890-இல் ஹூல்ட்சு பதிப்பித்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதி தொடங்கி, இன்றுவரை இவ்வாறு ஊர் ஊராகச் சேர்த்த சான்றுகளே நம் வரலாற்று நிலப்படம். சோழர் பெருமையும் இவ்வாறே மீட்கப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்வெட்டுகள் முறையாகப் படிக்கப்பட்ட பின்னரே இராஜராஜன் நமக்கு மீண்டும் கிடைத்தான். 1935-இல் நீலகண்ட சாஸ்திரியாரின் ‘சோழர்’ நூல் வெளிவந்த பின்னரே கதை எழுதுவோருக்குத் திண்ணிய அடித்தளம் கிடைத்தது. மறந்த சோழரை மீட்க முடிந்த நமக்கு, மறந்த சம்புவராயரை மீட்க முடியாதா?

இரண்டாவது, சமயம். விளையாட்டில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு சமயம் குறிக்கப்படும். அதனைக் கண்டு, 14-ஆம் நூற்றாண்டு முழுவதும் இரு சமயத்தாரின் போர் என்று இளைஞன் கொண்டுவிடுதல் எளிது. உண்மை அவ்வளவு எளியதன்று. பாண்டியர் அவையில் தகியுதீன் என்ற முஸ்லிம் பெரியார் அமைச்சராக இருந்ததைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் குறிக்கிறார். மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, ஜலாலுதீன் அசனின் மகளை மணந்தவர். பின்னர் மதுரைக்கு வந்து, அப்போது ஆண்ட கியாசுதீனின் கொடுமைகளைக் கண்டு அருவருத்து எழுதினார். அவரே, மதுரைச் சுல்தானை எதிர்த்த வல்லாளன் படையில் முஸ்லிம் வீரர் பலர் இருந்தனர் என்றும் எழுதுகிறார். முதியவனான வல்லாளன் போரில் வஞ்சகமாகப் பிடிக்கப்பட்டு, கொல்லப்பட்டு, அவன் உடல் மதுரை மதிலில் தொங்கவிடப்பட்டதையும் அவரே பதிந்தார். கொடுமையை மறைக்க வேண்டுவதில்லை. அதனை ஒரு சமயத்தின் மேல் ஏற்றவும் வேண்டுவதில்லை. அரசியல் நலனும் வணிக நலனும் சமய எல்லையைக் கடந்து மனிதரைச் சேர்த்ததையும் பிரித்ததையும் காட்டும் விளையாட்டே மெய்யான விளையாட்டு.

மூன்றாவது, குதிரை. தமிழகத்தின் வெப்பமும் ஈரமும் குதிரை வளர்ப்புக்கு ஏற்றவையல்ல. படைக்கு வேண்டிய குதிரைகள் பாரசீக, அரபு நாடுகளிலிருந்து கப்பலில் வந்தன. பாண்டியர் துறைமுகங்களுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்தன என்றும், ஒன்றின் விலை 220 பொற்காசு என்றும் வஸ்ஸாப் எழுதுகிறார். எண் மிகைப்பட்டதாயினும், செலவு பெரிது என்பது தெளிவு. குதிரைகளைப் பேணும் முறை அறியாமையால் அவை விரைவில் மடிந்தன என்று மார்க்கோ போலோ கூறுகிறார். இதற்கு ஈடாக இங்கிருந்து சென்றவை முத்தும் துணியும் நறுமணப் பொருளும். ஆகவே, பாண்டியன் போரில் வெல்ல, முத்துக் குளிப்பவன் மூச்சடக்க வேண்டும். காற்று உரிய திங்களில் வீச வேண்டும். காயல் துறையில் அயல்நாட்டு வணிகனுக்கு நீதி கிடைக்க வேண்டும். சீனத்துச் சுவான்சௌ துறைநகரில் 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருப்பது, நம் வணிகர் எட்டிய தொலைவைக் காட்டும். வாளை மட்டும் காட்டி, அவ்வாளைத் தாங்கிய குதிரையும், அக்குதிரையைக் கொணர்ந்த கப்பலும், அக்கப்பலை ஈர்த்த முத்தும் காட்டாவிடின், அது பாதி வரலாறே.

நான்காவது, நீர். இதில் சற்றே நின்று பேச விரும்புகிறேன்; ஏனெனில், தமிழகத்து அரசு எதனால் நிலைத்தது என்னும் வினாவின் விடையில் பெரும்பங்கு இங்கேதான் உள்ளது.

நான் வாழும் ஈக்காட்டுத்தாங்கலின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தாங்கல்’ என்பது மழைநீரைத் தாங்கி வைக்கும் சிறிய ஏரி. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல், வேடந்தாங்கல் என்று தொண்டை நாடெங்கும் இப்பெயர் விளங்கக் காண்கிறோம். 1337-இல் இப்பகுதிக்குச் சென்னை என்ற பெயர் இல்லை. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் உள்ளிட்ட இன்றைய தென்சென்னை நிலம், தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்றான புலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்தது. இந்நாட்டில் காவிரி போன்ற பேராறு இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் சில வாரங்களே பெருமழை. அம்மழையை ஆண்டு முழுதும் வைத்துப் பயன்கொள்ள, மேட்டு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு நீர் இறங்கும் வண்ணம், சங்கிலித் தொடராக ஏரிகளை அமைத்தனர் நம் முன்னோர். மதகு திறந்தால் வயல். கலங்கல் வழிந்தால் கீழ் ஏரி. ஓர் ஊரார் தம் கரையைப் பேணாது விட்டால் கீழே உள்ள பத்து ஊர் கெடும்.

இதனைப் பேணியது யார்? அரசன் அல்லன். 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 30 குடும்புகளிலிருந்து குடவோலை முறையில் ஆட்களைத் தேர்ந்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம் எனப் பொறுப்புகள் பகிர்ந்தளிக்கப்பட்டதைத் தெரிவிக்கின்றன. ஏரியில் ஆண்டுதோறும் வண்டல் எடுக்க வேண்டும். கரை உயர்த்த வேண்டும். மதகு செப்பனிட வேண்டும். இச்செலவுக்கென நிலம் விடப்பட்டது. அதற்கு ஏரிப்பட்டி என்று பெயர். படையெடுப்பில் ஊர் சிதறினால் முதலில் நிற்பது இவ்வேலைதான். ஏரி தூர்ந்தால் விளைவு குறையும். விளைவு குறைந்தால் வரி குறையும். வரி குறைந்தால் குதிரை வாங்க இயலாது. அரண்மனையில் கேட்கும் சரிவு ஏரிக்கரையில் தொடங்குகிறது. இக்காரணச் சங்கிலியைக் கணக்கிட்டுக் காட்டுவதற்குக் கணினியை விடச் சிறந்த கருவி இல்லை. புதிய விளையாட்டில் யானைப்படை வேண்டும் என்று கேட்கும் இளைஞன், ‘எங்கள் ஏரி எங்கே?’ என்றும் கேட்க வேண்டும்.

இது பழங்கதை அன்று. 1920-களில் மாம்பலத்து நெடுங்குளம் தூர்க்கப்பட்டே தியாகராய நகர் எழுந்தது. தாங்கல்கள் பலவும் பெயரளவில் எஞ்சின. 2015 டிசம்பர் முதல் இரு நாட்களில், பெருமழையோடு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த நீரும் அடையாற்றில் பெருக, எங்கள் ஈக்காட்டுத்தாங்கலும் வெள்ளத்தில் மூழ்கியது. நீரைத் தாங்கவென்றே பெயர் பெற்ற ஊர், தாங்க இடமின்றித் தத்தளித்தது. நீரின் கணக்கைத் தவறவிட்டவர் 14-ஆம் நூற்றாண்டினர் மட்டும் அல்லர்.

ஐந்தாவது, குடிகளின் சினம். விளையாட்டுகளில் குடிகள் வெகுண்டால், ‘கலகம்’ என்று ஒரு செந்நிறக் குறி தோன்றும். படையை அனுப்பினால் அடங்கும். நம் வரலாற்றில் அது அவ்வளவு எளிதாக முடியவில்லை. இவ்விளையாட்டு உள்ளடக்கும் ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்குள் வருவதே 1429-ஆம் ஆண்டு. விஜயநகர ஆட்சியின்போது, காவிரிப் படுகையிலும் அதன் வடக்கிலும் வலங்கை, இடங்கைப் பிரிவினர் தம் பழம்பகையை விட்டு ஒன்றுகூடினர். அதிகாரிகளும் நிலமுடையோரும் விளைச்சலுக்கு ஒவ்வாத வரிகளைச் சுமத்துகின்றனர். இனி நாம் தரத்தக்க வரி இவ்வளவே என்று தாமே வரையறுத்து, கோயிற் சுவர்களில் வெட்டி வைத்தனர். ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் நம் எ. சுப்பராயலுவும் இக்கல்வெட்டுகளை ஆராய்ந்து விளக்கியுள்ளனர். உழவனும் கைவினைஞனும் எழுதிய அரசியல் ஆவணம் அது. அதனை ஒரு செந்நிறக் குறியாகச் சுருக்கலாமா? குடிகள் என்ன கேட்டனர், அரசு எதனை விட்டுக்கொடுத்தது என்பதும் ஆட்டத்தில் இடம்பெற வேண்டும்.

இவ்வளவு கேட்ட பின்னும், விளையாட்டு தர இயலாத ஒன்று உண்டு என்பதை மறத்தலாகாது. விளையாட்டில் மக்கள் ஓர் எண். போரில் 5,000 குறைந்தால், அடுத்த பத்தாண்டில் 6,000 கூடும். ஆடுபவன் கவலையற்று அடுத்த போருக்குச் செல்வான். தோற்றால் பழைய நிலையை மீட்டெடுத்து மீண்டும் ஆடுவான். மெய்யுலகில் மீட்டெடுத்தல் இல்லை. 1323-இல் திருவரங்கத்தைப் படை சூழ்ந்தபோது, அடியார் சிலர் அழகிய மணவாளர் திருமேனியைத் தூக்கிக்கொண்டு தெற்கே ஓடினர். அவர்களுள் ஒருவரான முதுபெரும் ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் மதுரைக்கு அண்மையில் ஓர் ஊரில் உயிர் நீத்தார். திருமேனி பல மலைகளிலும் ஊர்களிலும் கரந்து வைக்கப்பட்டு, கம்பணன் வெற்றிக்குப் பின் 1371-இல்தான் திருவரங்கம் மீண்டது. இடைப்பட்டவை 48 ஆண்டுகள். அக்கோயிலை நம்பி வாழ்ந்த மடைப்பள்ளியார், பூத்தொடுப்போர், நெய்வோர், விளக்கேற்றுவோர் ஆகியோர் ஒரு தலைமுறை முழுதும் எவ்வாறு பிழைத்தனர்? எந்தக் கணினியும் அதனை எண்ணிக் காட்டாது. அதனை உணர்வதற்கு நூலும் கல்வெட்டும் பெரியோர் வாய்மொழியும் வேண்டும். விளையாட்டு, காரணத்தைக் கற்பிக்கலாம். துயரத்தைக் கற்பிக்க அதனால் ஆகாது.

ஆயினும், விளையாட்டு பொழுதைக் கொல்லும் என்று கூறி அதனை வெறுத்தொதுக்கும் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் யான் சொல்வது இதுவே. உம் மகன் அந்நிலப்படத்தில் ஓர் ஊரைச் சுட்டி, ‘இங்கே யார் ஆண்டார்?’ என்று கேட்டால், அது வகுப்பில் நாம் ஆண்டுக்கணக்கில் முயன்றும் எழுப்ப இயலாத வினா. அவ்வினாவை அவிய விடாதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் ஊரை நடுவே எழுதுங்கள். அருகிலுள்ள ஏரிகளைக் குறியுங்கள். இன்று இல்லாத ஏரிகளையும் பெயர் கொண்டு குறியுங்கள். பழைய கோயிலுக்கு அழைத்துச் சென்று, சுவரில் எம்மன்னன் பெயர் உள்ளது என்று கேட்டறியுங்கள். பின்னர் 1337-இல் அவ்வூர் எவ்வண்ணம் பெறும் என்று அவனையே தீட்டச் சொல்லுங்கள். அச்சிறு படம், எந்த நிறுவனம் வரையும் படத்தை விடவும் மேலானது.

இளைஞர்க்கும் ஒரு சொல். வெளிவந்த விளையாட்டுகள் முடிந்தவை அல்ல; ஆண்டுதோறும் அவற்றிற்குச் சேர்க்கைகள் வருகின்றன, புதியனவும் வரும். அவற்றில் தமிழகம் எவ்வாறு அமையும் என்பது, நீங்கள் எழுப்பும் குரலின் உரத்தைப் பொறுத்ததன்று. காட்டும் சான்றின் திண்மையைப் பொறுத்தது. ‘எங்கள் மன்னன் வலியவன், அவனுக்கு வலிய படை தருக’ என்று எந்நாட்டவரும் கேட்பர். ‘எங்கள் ஏரிக்கு மதகு இருந்தது, எங்கள் வணிகன் சீனம் சென்றான், எங்கள் உழவன் வரியைத் தானே வரையறுத்துக் கல்லில் வெட்டினான்; இதோ அக்கல்வெட்டு’ என்று கேட்க வல்லவன், தன் நாட்டை அறிந்தவன். அவ்வாறு கேட்பதற்கு வேண்டிய கற்கள் நம் கோயில்கள்தோறும் நிற்கின்றன. அவற்றைப் படிக்கக் கற்றுக்கொள்வோமாக.